பாரந்தூக்கி ஓடும் உத்தரங்களில் பற்றவைப்பு இணைப்பு

கொல்கத்தா நகரின் தென்பகுதியிலுள்ள டாலிகஞ்ச், மேஜர் வில்லியம் டாலி என்பவரின் பெயரால் வழங்குகிறது. தூர்ந்து கிடந்த ஆதி கங்கையை 1775-க்கும் 1777-க்கும் இடையில் அவர் தோண்டித் திருத்திக் கால்வாயாக்கினார். நிலத்தடியில் ஓடும் நாட்டின் முதல் மெட்ரோ ரயில் 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையில் ஓடத் தொடங்கிற்று. 1986 ஏப்ரல் 29 முதல் தெற்கே டாலிகஞ்ச் வரை நீண்டது. சுரங்கத்தில் வரும் வண்டி டாலிகஞ்சை நெருங்கும்போது தரைமட்டத்திற்கு ஏறுகிறது. நிலையத்தை அடுத்து வண்டிகளைப் பேணும் கொட்டகை அமைந்திருக்கிறது. அத்தடத்தில் முதலில் ஓடிய பெட்டிகள் சென்னை பெரம்பூரில் 1955-இல் திறக்கப்பட்ட ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை.

ரயில் பெட்டிகளைப் பேணும் பணிமனை எதுவாயினும், அங்கே கனமான உறுப்புகளைத் தூக்கி நகர்த்தும் வேலை ஓயாது நடைபெறும். சக்கரத் தொகுதி, மின்னியக்கி, காற்றழுத்தப் பொறி ஆகியவற்றைக் கழற்றவும் மாற்றவும் தலைக்கு மேலே ஓடும் பாரந்தூக்கி பயன்படுகிறது. தொழிற்சாலைகளிலும் இதே நிலைதான். டாலிகஞ்சை ஒட்டிய பிரின்ஸ் அன்வர் ஷா சாலையில் உஷா மின்விசிறிகள் செய்துவந்த ஜே என்ஜினியரிங் ஆலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குக் குடியிருப்புகளும் கடைத் தொகுதியும் எழுந்துவிட்டன. ஆயினும் ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள பட்டறைகளில் பாரந்தூக்கிகள் இன்றும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றின் சக்கரங்கள் உருளும் தண்டவாளத்தைத் தாங்கி நிற்பது ஓடுபாதை உத்தரம். பொறியாளர் இதனைக் காண்ட்ரி கர்டர் என்பர். இந்த உத்தரத்தில் இரண்டு எஃகுத் துண்டுகளைப் பற்றவைத்து ஒன்றாக்க நேரும்போது அவ்விணைப்பை எவ்வாறு அமைப்பது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கூரையைத் தாங்கும் உத்தரமும் பாரந்தூக்கியைத் தாங்கும் உத்தரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் ஐ வடிவ எஃகு. இரண்டும் தூண்களின்மேல் அமர்பவை. ஆனால் கூரை உத்தரத்தின்மீது சுமை பெரும்பாலும் அசையாமல் கிடக்கிறது. பாரந்தூக்கி உத்தரத்தின்மீதோ சுமை வருகிறது, போகிறது, திரும்பவும் வருகிறது. சுமையைத் தூக்கும்போது குலுக்கமும், தள்ளுவண்டி குறுக்கே ஓடி நிற்கும்போது பக்கவாட்டு உந்தலும், பாரந்தூக்கி முழுவதும் நகர்ந்து நிற்கும்போது நீளவாட்டு இழுப்பும் உண்டாகின்றன. இவற்றுக்காக இந்தியத் தர விதிகள் சில மிகைச் சுமைகளைக் குறித்துள்ளன. மின்சாரத்தால் இயங்கும் பாரந்தூக்கிக்குச் சக்கரச் சுமையில் 25 விழுக்காடு கூட்டிக்கொள்ள வேண்டும். கையால் இயக்குவதற்கு 10 விழுக்காடு போதும். தூக்கும் பாரம், தள்ளுவண்டி ஆகிய இரண்டின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொள்வர். தாழ்வுக்கும் வரம்பு உண்டு. 50 டன் வரையுள்ள மின் பாரந்தூக்கிக்கு உத்தரத்தின் தாழ்வு அதன் அகலிடைவெளியில் 750-இல் ஒரு பங்கைத் தாண்டலாகாது.

இவ்வளவும் வரைபட அறையில் கவனிக்கப்படுவனவே. கவனத்திலிருந்து நழுவுவது இணைப்புதான். இணைப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதை முதலில் பார்ப்பது நலம்.

உருட்டிய எஃகு உத்தரங்கள் பெரும்பாலும் 12 மீட்டர் அளவான நீளத்தில் கடைக்கு வருகின்றன. தூண்களுக்கிடையே 8 மீட்டர் இடைவெளி உள்ள ஒரு பணிமனையை எடுத்துக்கொள்க. 12 மீட்டர் உத்தரத்தில் 8 மீட்டரை வெட்டினால் 4 மீட்டர் மிஞ்சும். இரண்டு உத்தரங்களை இவ்வாறு வெட்டினால் இரண்டு 4 மீட்டர் துண்டுகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்தால் மூன்றாவது உத்தரம் கிடைத்துவிடும். எஃகின் விலையை அறிந்த ஒப்பந்தக்காரர் எவரும் அந்த இரண்டு துண்டுகளையும் பழைய இரும்புக் குவியலில் எறிய மாட்டார். அதைக் குறைகூறவும் இயலாது. ஆனால் ஒட்டு விழுவது சரியாக நடுவில், அதாவது வளைவு மிகுந்திருக்கும் பகுதியில். இதைக் கண்டு அஞ்சும் மேற்பார்வையாளர், "மேலும் கீழும் தகடு வைத்து வலுப்படுத்திவிடுக" என்று கூறுவது வழக்கம். பட்டறையில் கவர் பிளேட் எனப்படும் மூடுதகட்டைக் கீழ்ப்பட்டையின்மேல் வைத்து நான்கு புறமும் பற்றவைத்துவிட்டால் இணைப்பு இரட்டிப்பு வலிமை பெற்றதாகத் தோன்றும். உத்தரம் தளர்ந்து போவதற்கான வித்தும் அங்கேயே ஊன்றப்படுகிறது.

ஒரு முறை மட்டும் ஏற்றப்படும் சுமைக்கு மூடுதகடு வலிமையைக் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை. இலட்சக்கணக்கான முறை ஏற்றி இறக்கப்படும் சுமைக்கு அது வலிமையைக் குறைக்கிறது. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள உலோக அயர்வு என்பதை அறிய வேண்டும். தாங்கும் வரம்புக்கு மிகக் குறைவான தகைவும் திரும்பத் திரும்ப ஏற்பட்டால் உலோகத்தில் நுண்ணிய வெடிப்பை உண்டாக்கும். அவ்வெடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வளரும். ஒரு நாள் முறியும். ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் ஆகஸ்ட் வூலர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வண்டி அச்சுகளைக் கொண்டு இதைச் சோதித்து நிறுவினார். வெடிப்பு எங்கே பிறக்கிறது? தகைவின் ஓட்டம் திடீரெனத் தடைப்பட்டுத் திரும்பும் இடத்தில். ஓடும் ஆற்றில் ஒரு பாறை துருத்தி நின்றால் அதன் ஓரத்தில் நீர் சுழித்துப் பாய்வதுபோல, தகட்டின் முனையில் தகைவு குவிகிறது. மூடுதகட்டின் முனைப் பற்றவைப்பு கீழ்ப்பட்டையைத் தொடும் கோட்டிலேயே பற்றவைப்பின் நுண்ணிய கசடும், குளிரும்போது எஞ்சும் உள் இழுவிசையும் சேர்ந்திருக்கும். வெடிப்புக்கு வேண்டியன யாவும் ஒரே கோட்டில் கூடிவிடுகின்றன.

ஆசிரியர்கள் இதை வகுப்பறையிலேயே காட்டலாம். பழைய தகர டப்பாவிலிருந்து ஒரே அகலமுள்ள இரண்டு நீண்ட கீற்றுகளை வெட்டி விளிம்புகளைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றை அப்படியே விட்டு, மற்றதன் நடுவில் சிறு தகரத் துண்டு ஒன்றை ஈயப்பற்று வைத்து ஒட்டுக. இரண்டையும் ஒரே அளவாக முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே எண்ணி வந்தால், ஒட்டுள்ள கீற்று முதலில் முறியும். அதுவும் இரு மடங்கு தடிப்புள்ள நடுவில் அன்று, ஒட்டிய துண்டு முடியும் ஓரத்தில் முறியும். சுற்றின் எண்ணிக்கையை மாணவரே எண்ணிக் கரும்பலகையில் எழுதினால், பாடநூலின் பத்துப் பக்கம் செய்யாததை அந்தத் தகரக் கீற்று செய்துவிடும்.

மூடுதகட்டு முனை விளைத்த கேட்டுக்கு உலகறிந்த சான்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உண்டு. அங்கு கிங் தெருப் பாலம் 1961-இல் திறக்கப்பட்டது. 1962 ஜூலை 10 அன்று, குளிர்ந்த காலைப்பொழுதில், ஏறத்தாழ 45 டன் எடையுள்ள வண்டியொன்று கடக்கையில் அதன் ஒரு கண் முறிந்து தாழ்ந்தது. பாலத்தின் உத்தரங்கள் உயர் இழுவலிமை எஃகினால் ஆனவை; கீழ்ப்பட்டையில் மூடுதகடுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. அத்தகடுகளின் முனையில் குறுக்காக இட்ட பற்றவைப்பிலிருந்தே வெடிப்புகள் புறப்பட்டிருந்தன. அவற்றுள் சில, உத்தரம் பட்டறையை விட்டு வெளியேறும் முன்பே தோன்றியவை. அங்கே நேர்ந்தது குளிரில் நொறுங்கும் முறிவு. நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அயர்வினால் மெல்ல வளரும் வெடிப்பே மிகுதியும் அஞ்சத்தக்கது. ஆயினும் வெடிப்பு பிறந்த இடம் ஒன்றே.

1960-களின் இறுதியில் அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிஷரும் அவருடைய குழுவினரும் பற்றவைத்த உத்தரங்கள் பலவற்றைச் சோதித்தனர். உத்தரத்தின் ஆயுளை நிர்ணயிப்பவை இரண்டு என்று கண்டனர்: ஒன்று, சுமை ஏறி இறங்குகையில் தகைவு மாறும் அளவு, மற்றது, பற்றவைப்பு அமைந்துள்ள வகை. எஃகின் வலிமை உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. எனவே, "உயர்தர எஃகை வாங்கியிருக்கிறோம், அச்சமில்லை" என்று கூறுவதில் பயனில்லை. தகைவு மாற்றம் பாதியானால் ஆயுள் எட்டு மடங்காகும் என்ற முப்படி விதியும் இத்தகைய சோதனைகளிலிருந்து பெறப்பட்டதே. இந்தியத் தர விதி 800-இன் 2007 பதிப்பில் அயர்வுக்கெனத் தனி அதிகாரம் அமைந்திருப்பதும் இந்த அடிப்படையில்தான்.

இனி ஒரு கணக்கு. 10 டன் தூக்கும் மின் பாரந்தூக்கி ஒன்று. ஒரு பக்கம் இரண்டு சக்கரங்கள். அவற்றின் இடைவெளி 3 மீட்டர். ஒவ்வொன்றின் உச்சச் சுமை 90 கிலோநியூட்டன் என்க. குலுக்கத்திற்கு 25 விழுக்காடு கூட்டினால் 112.5 கிலோநியூட்டன். உத்தரம் 8 மீட்டர் அகலிடைவெளியில் இருமுனையும் எளிதாகத் தாங்கப்பட்ட ஐ.எஸ்.எம்.பி. 600, அதன் வெட்டுமுகக் கெழு 3,060 கன செண்டிமீட்டர். பக்கவாட்டு விசைக்காக மேற்பட்டையில் வைக்கும் சேனலை இங்கு கணக்கில் கொள்ளவில்லை.

ஓடும் சுமையாதலால் வளைவுத் திருப்புத்திறன் உச்சமடைவது நடுவில் அன்று, நடுவிலிருந்து 0.75 மீட்டர் தள்ளி. அதன் அளவு 297 கிலோநியூட்டன்-மீட்டர். மிகச் சரியான நடுவில் 281. முனையிலிருந்து 2 மீட்டர் தூரத்தில், அதாவது கால்பங்குப் புள்ளியில், 253. இங்குப் பலர் ஏமாறுவதுண்டு. கால்பங்குப் புள்ளியில் ஒட்டு வைத்தால் சுமை வெகுவாகக் குறைந்துவிடும் என்று எண்ணுவர். சீராகப் பரந்த நிலைச் சுமைக்கு அது முக்கால் பங்காகிறது. ஓடும் சக்கரச் சுமைக்கோ உச்சத்தில் 85 விழுக்காடு அங்கும் நிலைத்திருக்கிறது. கீழ்ப்பட்டையின் தகைவு மாற்றம் நடுவில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 92 நியூட்டன். கால்பங்குப் புள்ளியில் 83.

பாரந்தூக்கி ஒரு நாளில் 100 முறை இந்த உத்தரத்தைக் கடப்பதாகவும், ஆண்டில் 300 நாள் இயங்குவதாகவும் கொண்டால் ஓராண்டில் 30,000 சுற்று. 25 ஆண்டில் 7.5 இலட்சம். இது கீழ்ப்பட்டைக்குரிய எண்ணிக்கை. தண்டவாளத்துக்கு நேர் கீழே மேற்பட்டையும் நடுத்தகடும் கூடும் இடத்தில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அழுத்துவதால் அங்கு எண்ணிக்கை 15 இலட்சமாகும்.

ஐரோப்பிய விதிகள் பற்றவைப்பு வகை ஒவ்வொன்றுக்கும், 20 இலட்சம் சுற்று தாங்கும் தகைவு மாற்றத்தை எண்ணாகக் குறிக்கின்றன. பட் வெல்டு என்று பட்டறையில் கூறப்படும் முட்டுப் பற்றவைப்பை முழுத் தடிப்புக்கும் ஊடுருவச் செய்து, இருபுறமும் மட்டமாக அரைத்துச் சோதித்திருந்தால் அதன் எண் 112. நடுத்தகட்டின் மூலையில் பற்றவைப்பு வசதிக்காக அரைவட்டத் துளை வெட்டியிருந்தால் 90. ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையின்மேல் அதைவிட மெல்லிய மூடுதகட்டை வைத்தால் அத்தகட்டின் முனைக்கு 50 மட்டுமே.

இவ்வெண்களை முப்படி விதியில் இட்டுப் பார்க்கலாம். மட்டமாக அரைத்த முட்டுப் பற்றவைப்பு உத்தரத்தின் நட்டநடுவிலேயே இருந்தாலும் 36 இலட்சம் சுற்று தாங்கும். துளை வெட்டியிருந்தால் ஏறக்குறைய 19 இலட்சம். இரண்டும் தேவையான 7.5 இலட்சத்தைக் கடந்து நிற்பவை. அதே நடுவில், ஒட்டின் இருபுறமும் 30 செண்டிமீட்டர் நீளும் மூடுதகட்டை வைத்தால் அதன் முனையில் தகைவு மாற்றம் 95 ஆகிறது, ஆயுள் 2.9 இலட்சம் சுற்று. பத்து ஆண்டுக்கும் குறைவு. மூடுதகட்டு ஒட்டைக் கால்பங்குப் புள்ளிக்கு நகர்த்தினாலும், தகட்டின் நடுவை நோக்கிய முனையில் 89 என்ற அளவு வருவதால், கிடைப்பது 3.6 இலட்சம், பன்னிரண்டு ஆண்டு. அங்கும் தேவையில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஒட்டு எங்கே இருக்கிறது என்பதைவிட எந்த வகையில் செய்யப்பட்டது என்பதே பன்மடங்கு முக்கியம் என்று இக்கணக்கு காட்டுகிறது. ஒட்டை இடம் மாற்றியதால் கிடைத்தது ஏறத்தாழ கால்பங்கு ஆயுள். வகை மாற்றியதால் கிடைத்தது பன்னிரண்டு மடங்கு வரை. பாரந்தூக்கி ஒவ்வொரு முறையும் முழுப் பாரத்தைத் தூக்குவதில்லையாதலால் உண்மை ஆயுள் இவ்வெண்களைவிட நீளக்கூடும். தண்டவாளம் கோணலாக இருந்தாலோ, சக்கரம் உராய்ந்தாலோ குறையவும் கூடும். ஒப்பீடு மட்டும் மாறாது.

இடத்தை முற்றிலும் அலட்சியம் செய்யலாம் என்பதும் இதன் பொருளன்று. வாய்ப்பிருந்தால் முனையிலிருந்து நான்கில் ஒரு பங்குக்கு உட்பட்ட பகுதியில் ஒட்டை வைப்பதே நன்று. தண்டவாளத்தின் ஒட்டும் உத்தரத்தின் ஒட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வரலாகாது. தண்டவாள ஒட்டில் சக்கரம் தட்டும் ஒவ்வொரு தட்டும் கீழுள்ள பற்றவைப்பில் இறங்கும். மேலும், நீண்ட பணிமனையில் எல்லாக் கண்களிலும் பாரந்தூக்கி ஒரே அளவில் ஓடுவதில்லை. நாள் முழுதும் வேலை நடக்கும் கண்ணில் ஒட்டில்லாத முழு உத்தரத்தையும், எப்போதாவது செல்லும் கண்ணில் ஒட்டுள்ள உத்தரத்தையும் வைப்பதற்குச் செலவு ஏதும் இல்லை. உத்தரங்களை ஏற்றும் நாளில் வரைபடத்தில் எண்ணிட்டுக் கொடுத்தாலே போதும். இவ்வளவு எளிய காரியம் பல இடங்களில் செய்யப்படாமல் போவது வியப்பே.

இடம் பற்றி இன்னொரு கேள்வியும் எழும். ஒட்டைத் தூணின் தலைமீது வைத்து, உத்தரங்கள் அனைத்தையும் ஒரே தொடர் உத்தரமாக ஆக்கிவிட்டால் என்ன? தாழ்வு குறையும், எஃகும் சற்றுக் குறையும். பாறை நிலத்தில் இது ஆராயத்தக்க வழி. டாலிகஞ்ச் போன்ற இடத்தில் அன்று. கொல்கத்தாவின் மண் பல மீட்டர் ஆழத்திற்கு மென்மையான களிமண். இடையே மக்கிய தாவரப் படலங்களும் உண்டு. ஆதி கங்கையின் பழைய தடத்தை ஒட்டிய பகுதிகளிலோ இக்களிமண்ணுக்குப் பதிலாக வண்டலும் மணலும் கிடக்கின்றன. அருகருகே உள்ள இரண்டு தூண்களின் அடியில் இருவேறு மண் அமையக்கூடும். ஒரு தூண் சில மில்லிமீட்டர் அதிகமாக அமிழ்ந்தாலும் தொடர் உத்தரத்தில் எதிர்பாராத வளைவு ஏற்படும்; தூணின் தலைமீதுள்ள ஒட்டோ மேற்பட்டையில் இழுவிசைக்கு ஆட்படும். எளிதாகத் தாங்கப்பட்ட தனி உத்தரம் அமிழ்ந்தால், தகட்டுச் சில்லுகளை அடியில் செருகித் தண்டவாளத்தை மீண்டும் மட்டப்படுத்திக்கொள்ளலாம். மென்மண் நிலத்தில் தனி உத்தரங்களையே பொறியாளர் விரும்புவதற்கு இது போதிய காரணம்.

இனி இணைப்பைச் செய்யும் முறை. ஒட்டைத் தரையில், உத்தரத்தைப் புரட்டக்கூடிய நிலையில் செய்ய வேண்டும். எட்டு மீட்டர் உயரத்தில் சாரத்தின்மேல் அண்ணாந்து செய்தல் கூடாது. தரையில் செய்ய இயலாதபோது உயர் இழுவலிமை உராய்வுப் பிடிப்பு மரையாணிகளைக் கொண்டு இருபுறமும் தகடு வைத்து முடுக்குவதே மேல். அங்கே தகட்டின் முனையில் பற்றவைப்பு இல்லையாதலால் முன்னர்க் கூறிய கேடு அதற்கு இல்லை.

துண்டுகளின் முனைகளை வாயுச் சுடரால் வெட்டிய பின் கிரைண்டரால் தேய்த்துச் சாய்வு அமைக்க வேண்டும். பட்டைகளுக்கு இருபுறச் சாய்வு நல்லது. சுருக்கம் இருபுறமும் ஒத்து வரும். இரண்டு துண்டுகளின் பட்டைகளும் ஒரே தளத்தில் நிற்பது மிகவும் முக்கியம். உருட்டிய உத்தரங்களில் பட்டையின் தடிப்பும் உயரமும் துண்டுக்குத் துண்டு சற்று மாறுபடும். ஒரே நீளத்திலிருந்து வெட்டிய துண்டுகளை ஒட்டினால் இத்தொல்லை குறையும். பட்டையின் ஓரத்தில் பற்றவைப்பு தொடங்கவும் முடியவும் சிறு ஓட்டுத் துண்டுகளை வைத்து, வேலை முடிந்தபின் வெட்டி எறிந்து ஓரத்தைத் தேய்த்துவிட வேண்டும். இவ்வாறு செய்தால் தொடக்கக் குழியும் முடிவுக் குழியும் உத்தரத்தில் தங்கா. ஒருபுறம் பற்றவைத்ததும் மறுபுறத்திலிருந்து நல்ல உலோகம் தென்படும்வரை குடைந்தெடுத்துப் பின்னர் அப்புறத்தை நிரப்ப வேண்டும். பின்னால் தாங்குபட்டை ஒன்றை வைத்து ஒருபுறமே பற்றவைத்து, அப்பட்டையை அப்படியே விட்டுவிடுவது சோம்பலின் விளைவு.

பட்டைகள் தடித்தவை, மிகுதியாகச் சுருங்குபவை. ஆகவே இரு பட்டைகளையும் மாறி மாறிப் பெரும்பகுதி நிரப்பிய பின்னரே நடுத்தகட்டை முடிப்பது வழக்கம். நடுத்தகட்டை முதலில் முடித்துவிட்டால் அது பட்டைகளைச் சுருங்க விடாது. உள் இழுவிசை பற்றவைப்பிலேயே தேங்கும்.

கொல்கத்தாவின் மழைக்காலம் பற்றவைப்பாளருக்கு ஒரு சோதனை. காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை நெருங்கும் நாட்கள் பல. இத்தகைய இணைப்புக்கு உரியது தாழ் ஹைட்ரஜன் மின்முனைக் குச்சி. அதன் பூச்சோ ஈரத்தை விரைவாக உறிஞ்சுவது. ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் உருகிய எஃகில் கரைந்து, குளிர்ந்தபின் பற்றவைப்பை ஒட்டிய கடினமான பகுதியில் வெடிப்பை உண்டாக்கும். அது உடனே தோன்றாமல் ஓரிரு நாள் கழித்தும் தோன்றலாம். எனவே தயாரிப்பாளர் குறித்தபடி, பெரும்பாலும் 250 முதல் 350 பாகை வெப்பத்தில், குச்சிகளை உலர்த்தி, சூடான பெட்டியில் வைத்துச் சிறிது சிறிதாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். உலர்த்தும் அடுப்பு இல்லாத பட்டறையில் இவ்வேலையை ஒப்படைத்தல் தகாது. ஒப்பந்தம் எழுதும் முன்னரே மேற்பார்வையாளர் பட்டறைக்குச் சென்று அடுப்பு இருக்கிறதா, அது இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சில இடங்களில் அடுப்பின் உள்ளே பழைய கையுறைகளே இருப்பதைக் காணலாம்.

பற்றவைப்பின் மேடு முழுவதையும் அரைத்துப் பட்டையுடன் மட்டமாக்குவது கடைசி வேலை. அரைக்கும் திசை கவனிக்கத்தக்கது. கிரைண்டர் விடும் கீறல்கள் உத்தரத்தின் நீளவாட்டில் அமைய வேண்டும். குறுக்குவாட்டில் விழுந்த கீறல் ஒவ்வொன்றும் ஒரு சிறு வெடிப்பைப் போன்றதே. பிறகு மீயொலிச் சோதனையாலோ எக்ஸ் கதிர்ப் படத்தாலோ உள்ளேயும், சாய ஊடுருவல் சோதனையால் மேற்பரப்பிலும் குறை உண்டா எனப் பார்க்க வேண்டும். ஹைட்ரஜன் வெடிப்பு தாமதித்துத் தோன்றுவதால், பற்றவைப்பு முடிந்து இரண்டு நாள் கடந்தபின் சோதிப்பது நல்லது. கீழ்ப்பட்டை முழு இழுவிசையில் இருப்பதால் அதன் ஒட்டை நூற்றுக்கு நூறு சோதிக்க வேண்டும்; மேற்பட்டைக்கும் நடுத்தகட்டுக்கும் ஓரளவு தளர்த்தலாம்.

இவ்வளவு அக்கறையுடன் செய்த ஒட்டைக் கெடுக்கச் சில நிமிடங்கள் போதும். உத்தரத்தைத் தூக்குவதற்காகக் கீழ்ப்பட்டையில் ஒரு கொக்கியைப் பற்றவைப்பர். பின்னர் அதைச் சம்மட்டியால் அடித்து உடைப்பர். மின்கம்பிக் குழாயைத் தாங்க ஒரு கோணத் துண்டைப் பற்றவைப்பர். குச்சி எரிகிறதா என்று பட்டையின்மேல் தட்டிப் பார்ப்பர். இந்த ஒவ்வோர் இடத்திலும் மூடுதகட்டு முனையைப் போன்றதோர் அயர்வுப் புள்ளி உருவாகிவிடுகிறது. கம்பிக் குழாயைக் கவ்வியால் பிடித்து மரையாணியிட்டால் இத்தொல்லையே இல்லை. மின்பணியாளருக்கும் இச்செய்தி எட்ட வேண்டும்; உத்தரம் நிறுவப்பட்ட பின்னர் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அவர்களது வேலையின்போது, எவரும் சொல்லாததால், நிகழ்பவையே.

பழைய பணிமனைகளில் வேறொரு நிலைமை எதிர்ப்படும். ஹூக்ளிக் கரையிலுள்ள பழைய ஆலைகளின் உத்தரங்களில் பல, தறையாணிகளால் பிணைக்கப்பட்டவை. அக்காலத்து எஃகில் கந்தகமும் பாஸ்பரசும் மிகுந்திருக்கக்கூடும். அத்தகைய எஃகைப் பற்றவைத்தால் சுடும்போதே வெடிக்கும். பாரந்தூக்கியின் திறனைக் கூட்டுவதற்காகப் பழைய உத்தரத்தில் தகடு பற்றவைக்க எண்ணுவோர், முதலில் தகைவு குறைந்த இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து அதன் இரசாயனக் கூற்றைச் சோதிக்க வேண்டும். இத்தகைய சோதனைகளுக்கெனவே டாலிகஞ்சிலிருந்து வெகு தொலைவில் இல்லாத அலிப்பூரில் 1912-இல் அரசினர் பரிசோதனை நிலையம் நிறுவப்பட்டது. தேசியப் பரிசோதனை நிலையம் என்னும் பெயரில் அது இன்றும் பணியாற்றுகிறது. பற்றவைக்கத் தகாத எஃகு எனத் தெரிந்தால் மரையாணிகளையே நாட வேண்டும்.

மூடுதகடு வைத்து ஏற்கெனவே நிறுவப்பட்ட உத்தரங்களை உடனே இறக்கிவிட வேண்டுமென்பதில்லை. அவற்றைக் கண்காணிப்பில் வைக்கலாம். பாரந்தூக்கியை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்த பின், கீழ்ப்பட்டையிலுள்ள தகட்டின் இரு முனைகளிலும் வண்ணப்பூச்சையும் கிரீசையும் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். வெடிப்பு பெரும்பாலும் பற்றவைப்பின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடாகத் தெரியும். பூச்சைத் துடைக்கும் முன்னரே, அதன்மேல் செந்நிறத் துரு கோடாகக் கசிந்திருந்தால் ஐயத்திற்கு இடமுண்டு. சாய ஊடுருவல் சோதனை அதை உறுதிப்படுத்தும். வெடிப்பைக் கண்டவுடன் அதன்மேல் மீண்டும் பற்றவைத்து மூடுதல் பெருந்தவறு. புதிய பற்றவைப்பின் அடியில் பழைய வெடிப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கண்ணின் கீழே வேலையை நிறுத்தி, பாரந்தூக்கி அங்கே செல்லாதபடி தண்டவாளத்தில் தடையைப் பொருத்தி, உத்தரத்தைத் தாங்கு கால்களால் தாங்கிய பிறகே பொறியாளரின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். பார்த்த நாளையும், முனையின் எண்ணையும், வெடிப்பின் நீளத்தையும் பதிவேட்டில் எழுதி, வெடிப்பின் நுனி நின்ற இடத்தை உத்தரத்திலேயே வண்ணத்தால் குறித்துவைத்தால், அடுத்த முறை பார்ப்பவருக்கு அது எவ்வளவு வளர்ந்தது என்பது தெரியும்.